வேன் துள்ளுகிறதா? வில்லைக் கவனியுங்கள்!

கட்டை வண்டி, வில் வண்டி இரண்டையும் பார்த்த பெரியவர்கள் இன்னும் நம் கிராமங்களில் இருக்கிறார்கள்.

கட்டை வண்டியில் நெல் மூட்டை போகும். சக்கரம் கல்லில் ஏறினால் மூட்டையும் ஏறும். சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மூட்டையும் "தொம்" என்று இறங்கும். மூட்டைக்கு இடுப்பு கிடையாது. ஆகவே அது வலிக்கிறது என்று சொல்வதில்லை.

வில் வண்டி அப்படி அல்ல. அதில் மணப்பெண் போவாள். பிள்ளைத்தாய்ச்சி போவாள். வயதானவர்கள் போவார்கள். அவர்கள் உடம்பு நோகக்கூடாது என்பதற்காக, அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வளைந்த இரும்புப் பட்டைகளை வைத்தார்கள். சக்கரம் குதித்தாலும் கூண்டு குதிக்காது. பட்டை வளைந்து கொடுக்கும். பிறகு நிமிரும்.

அந்த வில்தான் இன்று உங்கள் வேனுக்கு அடியிலும் இருக்கிறது!

மாடு போய்விட்டது. எஞ்சின் வந்துவிட்டது. வேகம் பத்து மடங்கு கூடிவிட்டது. ஆனால் வில் செய்யும் வேலை மாறவில்லை. இந்த வில்லையும் அதைச் சேர்ந்த மற்ற உறுப்புகளையும் சேர்த்து "சஸ்பென்ஷன்" என்கிறார்கள்.

எஞ்சின் பழுதானால் வண்டி நின்றுவிடும். உடனே தெரிந்துவிடும். சஸ்பென்ஷன் பழுதானால் வண்டி நிற்காது. ஓடிக்கொண்டே இருக்கும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது!

ஏழைக் குடும்பத்தின் மோட்டார்

வேன் என்றதும் நம் ஊரில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மாருதி ஆம்னிதான்.

இது 1984-ம் ஆண்டில் "மாருதி வேன்" என்ற பெயரில் வந்தது. 1988-ல் "ஆம்னி" என்று பெயர் மாறியது. 796 சி.சி. எஞ்சின். மூன்று சிலிண்டர். 5 பேர் உட்காரும் வண்டியும் உண்டு; 8 பேர் உட்காரும் வண்டியும் உண்டு.

குலதெய்வம் கோயிலுக்குப் போக ஆம்னி. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்ற ஆம்னி. காய்கறி ஏற்ற ஆம்னி. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவும் ஆம்னி!

2019-ல் ஆம்னி தயாரிப்பது நிறுத்தப்பட்டது. ஆனாலும் பழைய ஆம்னிகள் தெருவுக்குத் தெரு ஓடிக்கொண்டிருக்கின்றன. அதே கம்பெனியின் "ஈக்கோ" வேன் 2010-ல் வந்தது. இப்போது பெரும்பாலோர் வாங்கும் சிறிய வேன் அதுதான்.

இந்த இரண்டு வண்டிகளையும் வைத்தே விஷயத்தைப் பார்ப்போம்.

மூன்று வேலைகள்

சஸ்பென்ஷனுக்கு மூன்று வேலைகள் உண்டு.

முதல் வேலை: வண்டியின் பாரத்தையும், ஆட்களின் பாரத்தையும் தாங்குவது.

இரண்டாவது வேலை: சாலையின் மேடு பள்ளம் உள்ளே இருப்பவர்களின் முதுகில் இடிக்காமல் பார்த்துக்கொள்வது.

மூன்றாவது வேலை: சக்கரம் சாலையை விட்டு எழும்பாமல் தரையோடு அழுத்தி வைப்பது.

முதல் இரண்டும் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதைப் பலர் நினைப்பதில்லை. ஆனால் உயிரைக் காப்பது அதுதான்.

எப்படி என்று கேளுங்கள். நீங்கள் பிரேக்கை மிதிக்கிறீர்கள். பிரேக் சக்கரத்தைப் பிடிக்கிறது. ஆனால் வண்டியை நிறுத்துவது சக்கரம் அல்ல. டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்புத்தான் நிறுத்துகிறது. டயர் தரையில் அழுந்தியிருந்தால் பிடிப்பு உண்டு. டயர் துள்ளிக்கொண்டிருந்தால் பிடிப்பு ஏது?

பிரேக் புதிதாக இருக்கலாம். டயரும் புதிதாக இருக்கலாம். சஸ்பென்ஷன் கெட்டிருந்தால் வண்டி தள்ளிப் போய்த்தான் நிற்கும். குறுக்கே ஓடிவரும் குழந்தைக்கு அந்தச் சில அடி தூரம்தான் உயிர்!

பட்டை வில்

ஆம்னியின் பின்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். இரண்டு சக்கரங்களையும் இணைத்து ஓர் இரும்பு அச்சு இருக்கும். அதன் இரு பக்கத்திலும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பட்டைகள் இருக்கும். வில் வண்டியின் வில்லேதான்!

இதில் நீளமான பட்டைதான் முக்கியமானது. இதன் இரு முனைகளும் வளையம் போலச் சுருண்டிருக்கும். அந்த வளையங்கள்தான் வண்டியின் உடலோடு மாட்டப்பட்டிருக்கின்றன. முன்முனை நகராது. பின்முனையில் மட்டும் ஊஞ்சல் போல ஆடும் ஒரு சிறு இரும்புத் துண்டு இருக்கும். அதை "ஷேக்கிள்" என்பார்கள். பாரம் ஏறும்போது பட்டை நிமிர்ந்து நீளும் அல்லவா? அந்த நீளத்துக்கு இடம் கொடுப்பதற்காகத்தான் ஊஞ்சல்.

பட்டைகளை அச்சோடு இறுக்கிப் பிடிப்பது "யூ போல்ட்டு". பட்டைகள் அனைத்தையும் நடுவில் கோத்து நிற்பது ஒரு சிறிய போல்ட்டு. இதை "சென்டர் போல்ட்டு" என்பார்கள்.

இந்தச் சிறிய போல்ட்டு முறிந்தால் என்ன ஆகும்? ஒரு பக்கத்து அச்சு முன்னாலோ பின்னாலோ நகர்ந்துவிடும். வண்டி நண்டு போல ஒருபக்கமாகச் சாய்ந்து ஓடும். பின்னால் வருகிறவர் பார்த்தால், முன்சக்கரம் ஒரு தடத்திலும் பின்சக்கரம் வேறு தடத்திலும் போவது தெரியும்.

ஆக, ஆம்னியின் பட்டை பாரத்தை மட்டும் தாங்கவில்லை. பின் அச்சையே அதன் இடத்தில் பிடித்து வைத்திருக்கிறது. நீளப் பட்டை முறிந்தால் வண்டி ஒருபக்கம் தாழும். அதோடு போகும் வழியும் தவறும்.

சுருள் வில்

ஈக்கோவின் பின்பக்கம் வேறு மாதிரி. அங்கே பட்டை இல்லை. சுருள் வில் இருக்கிறது. பேனாவுக்குள் இருக்கும் சிறு ஸ்பிரிங்கைப் பார்த்திருப்பீர்கள். அதையே கனமான இரும்பில் செய்தது போல.

சுருள் வில் மெத்தென்று இருக்கும். ஆனால் அதற்குப் பாரம் தாங்க மட்டுமே தெரியும். அச்சைப் பிடித்து வைக்கத் தெரியாது. ஆகவே அச்சு முன்பின்னாகவோ பக்கவாட்டிலோ நகராமல் பிடிக்க மூன்று தண்டுகளை வைத்திருக்கிறார்கள். தண்டின் முனைகளில் ரப்பர் உண்டு. அந்த ரப்பர் தேய்ந்தால் அச்சு ஆடும். பின்பக்கம் வாலை ஆட்டுவது போல ஆடும்.

முன்பக்கம் இரண்டு வண்டிகளுக்கும் ஒரே முறைதான். சுருள் வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்திருக்கும். ஏர்ல் மாக்பெர்சன் என்ற அமெரிக்க எஞ்சினீயர் வகுத்த முறை இது. 1950-ல் இங்கிலாந்தில் வந்த போர்டு கான்சல் காரில் இந்தத் தூண் பொருத்தப்பட்டது. இன்று உலகம் முழுவதும் சிறிய கார்களின் முன்சக்கரங்களைத் தாங்குவது பெரும்பாலும் இதுதான்.

வில்லுக்கு ஒரு கணக்கு

ராபர்ட் ஹூக் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி 1678-ல் ஓர் உண்மையை வெளியிட்டார். வில்லை எவ்வளவு பலமாக அழுத்துகிறோமோ, அந்த அளவுக்கு ஏற்றபடி அது அமுங்கும் என்பதே அது.

100 கிலோ வைத்தால் 2 சென்டிமீட்டர் அமுங்கும் ஒரு வில், 200 கிலோவுக்கு 4 சென்டிமீட்டர் அமுங்கும். 300 கிலோவுக்கு 6 சென்டிமீட்டர் அமுங்கும். பாரம் எடுத்ததும் பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லைக்கு மேல் போனால் வில் திரும்பி வராது. தாழ்ந்தது தாழ்ந்ததுதான். சில வேளை முறிந்தே போகும்.

மயில் இறகுதானே என்று அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். இறகுக்கே அந்தக் கதி என்றால், மனிதர்களையும் மூட்டைகளையும் ஏற்றினால் என்ன சொல்வது!

வில்லுக்குக் கடிவாளம்

வில்லுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒருமுறை அமுக்கினால் ஒருமுறை எழும்பி நிற்காது. மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். ஊஞ்சலை ஒருமுறை தள்ளிவிட்டால் எத்தனை முறை ஆடுகிறது!

இந்த ஆட்டத்தை அடக்கும் கடிவாளம்தான் ஷாக் அப்சார்பர்.

அது ஓர் எண்ணெய்க் குழாய். உள்ளே ஒரு பிஸ்டன். பிஸ்டனில் சிறு சிறு துவாரங்கள். சக்கரம் மேலே போகும்போதும் கீழே வரும்போதும் பிஸ்டன் நகரும். எண்ணெய் அந்தச் சிறு துவாரங்கள் வழியாகத்தான் போக வேண்டும். எளிதில் போக முடியாது. திணறித் திணறிப் போகும். அந்தத் திணறலில் வில்லின் துள்ளல் அடங்குகிறது.

துள்ளலின் சக்தி எங்கே போகிறது? எண்ணெயில் சூடாக மாறுகிறது. கரடுமுரடான சாலையில் ஓடி வந்தவுடன் ஷாக் அப்சார்பர் வெதுவெதுப்பாக இருப்பது இதனால்தான்.

எண்ணெய் ஒழுகிவிட்டாலோ, உள்ளே தேய்ந்துவிட்டாலோ கடிவாளம் அறுந்தது போல. வில் தன் இஷ்டத்துக்குத் துள்ளும்.

நம் உடம்பைப் போல மூட்டுகள்

நம் எலும்புகளுக்கு நடுவே குருத்தெலும்பு இருக்கிறது. வண்டியிலும் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே ரப்பர் இருக்கிறது. இதற்கு "புஷ்" என்று பெயர்.

முன்சக்கரம் திரும்ப வேண்டும். மேலும் கீழும் ஆடவும் வேண்டும். ஆகவே கீழே ஓர் உருண்டை மூட்டு வைத்திருக்கிறார்கள். நம் தோள்பட்டை மூட்டைப் போலவே கிண்ணத்துக்குள் உருண்டை. இதுதான் "பால் ஜாயின்ட்டு".

இதன்மேல் ஒரு ரப்பர் உறை இருக்கும. உறை கிழிந்தால் மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். கிரீஸ் வெளியே வந்துவிடும். உருண்டை தேயும். மிகவும் தேய்ந்தால் கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடும். அப்படி வந்தால் சக்கரம் ஒருபக்கம் மடிந்துவிடும். ஸ்டீரிங் கையில் இருக்கும். சக்கரம் சொன்னபடி கேட்காது!

சிறிய ரப்பர் உறைதான். அதைக் குனிந்து பார்க்க ஒரு நிமிஷம் போதும்.

பிள்ளைகள் போகும் வண்டி

ஒரு கணக்குப் போடுவோம்.

ஒரு பள்ளி வேன் போகும் வழியில் 10 வேகத் தடைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலையில் போய் வர 2 முறை. மாலையில் போய் வர 2 முறை. ஒரு நாளைக்கு 40 தடைகள். ஆண்டுக்கு 200 நாள் என்றால் 8,000 தடைகள். ஒவ்வொரு தடையிலும் முன்சக்கரம் ஒருமுறை, பின்சக்கரம் ஒருமுறை ஏறி இறங்கும். ஆக 16,000 இடி!

பள்ளங்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த வண்டி நாலைந்து ஆண்டுகள் ஒருவராலும் குனிந்து பார்க்கப்படாமல் ஓடினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

2012-ம் ஆண்டு ஜூலை மாதத்தில், தாம்பரம் பக்கத்தில், பள்ளி பஸ்ஸின் அடித்தளத்தில் இருந்த ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். இரண்டாம் வகுப்புக் குழந்தை. தமிழ்நாடே கலங்கியது. அதே ஆண்டில் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. இன்று ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறப்பதற்கு முன்னால் பள்ளி வாகனங்களை வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் சோதிக்கிறார்கள்.

அந்த விபத்துக்குக் காரணம் சஸ்பென்ஷன் அல்ல. ஆனால் அது சொன்ன பாடம் சஸ்பென்ஷனுக்கும் பொருந்தும். வண்டியின் மேலே பெயிண்டு பளபளக்கிறதா என்று பார்த்தால் போதாது. அடியில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

வாடகை வண்டிகளுக்கு எப்.சி. உண்டு. அதிகாரி பார்க்கிறார். சொந்த வண்டிக்கு முதல் பதிவே 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதுவரை உங்கள் வண்டிக்கு அதிகாரி நீங்கள்தான்!

நோய் அறிகுறிகள்

உடம்புக்கு நோய் வந்தால் காய்ச்சல் காட்டும். வண்டிக்கும் அறிகுறிகள் உண்டு.

வேகத் தடை தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை ஆடுகிறதா? ஷாக் அப்சார்பர் களைத்துவிட்டது.

பிரேக் போட்டால் மூக்கு மிகவும் தாழ்கிறதா? முன்பக்க ஷாக் அப்சார்பரைப் பாருங்கள்.

வண்டி ஒருபக்கம் சாய்ந்து நிற்கிறதா? அந்தப் பக்கத்து வில் தாழ்ந்திருக்கலாம். பட்டை முறிந்தும் இருக்கலாம்.

ஸ்டீரிங்கை லேசாக விட்டால் வண்டி ஒருபக்கம் இழுக்கிறதா? முதலில் டயரில் காற்றைப் பாருங்கள். காற்று சரியாக இருந்தால் சக்கரங்களின் அலைன்மெண்டைச் சோதிக்க வேண்டும்.

சிறு பள்ளத்தில் "டக் டக்" என்று சத்தமா? புஷ் அல்லது பால் ஜாயின்ட்டு தேய்ந்திருக்கலாம்.

நின்ற இடத்தில் ஸ்டீரிங்கைத் திருப்பும்போது மேலே "டங்" என்று சத்தமா? முன்பக்கத் தூணின் மேல் முனையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டயரும் பேசும். டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மெண்டு கெட்டிருக்கிறது. ஆங்காங்கே கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்திருந்தால் டயர் துள்ளி ஓடுகிறது என்று பொருள். கடைசியாகச் சொன்னதுதான் ஷாக் அப்சார்பரின் கையெழுத்து!

வீட்டிலேயே சோதனை

இதற்கெல்லாம் மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் போதும்.

முதலில் சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். உள்ளே ஆளும் சாமானும் இருக்கக்கூடாது.

தைக்கும் டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து, நேர் மேலே சக்கர வளைவின் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். இடது, வலது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒருபக்கம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தால் அங்கே வில்லில் கோளாறு. எழுதிய காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். ஆறு மாதம் கழித்து மீண்டும் அளந்தால் வில் தாழ்ந்திருக்கிறதா என்று தெரியும்.

அடுத்து, முன்பக்க மூலையில் கையை ஊன்றி நன்றாக அழுத்துங்கள். சட்டென்று கையை எடுங்கள். வண்டி ஒருமுறை எழும்பி அடங்க வேண்டும். ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது.

ஆம்னியின் பின்பக்கத்துக்கு இந்தச் சோதனை அவ்வளவாக உதவாது. பட்டைகள் ஒன்றோடு ஒன்று உராய்வதால் அவையே ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கிவிடும். அங்கே எண்ணெய்க் கசிவைப் பாருங்கள். ஷாக் அப்சார்பரின் மேல் லேசான ஈரப் படிவு இருந்தால் பயமில்லை. எண்ணெய் வழிந்து தூசியோடு சேர்ந்து கறுப்பாக ஒட்டியிருந்தால் மாற்ற வேண்டும்.

டார்ச் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு வெளியே தரையில் குனிந்தபடியே பட்டைகளைப் பாருங்கள். குறுக்கே மெல்லிய துருக்கோடு தெரிந்தால் அது விரிசலாக இருக்கலாம். ஒரு பட்டை மற்றவற்றை விட்டு ஒருபக்கம் நகர்ந்திருந்தால் அதுவும் கோளாறே.

இதைச் செய்யாதீர்கள்!

வண்டியை ஜாக்கியில் மட்டும் தூக்கி வைத்துவிட்டு அடியில் நுழையாதீர்கள். ஜாக்கி டயர் மாற்றத்தான். அது நழுவினால் வண்டியின் முழுப் பாரமும் மார்பின்மேல் விழும். ஒர்க்‌ஷாப்பில் பலமான ஸ்டாண்டு வைத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே அடியில் போவார்கள். அந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

முன்பக்கத் தூணை வீட்டில் பிரிக்காதீர்கள். உள்ளே வில் பலமாக அமுக்கப்பட்ட நிலையில் இருக்கிறது. மேல் நட்டைக் கழற்றினால் பீரங்கிக் குண்டு போலப் பாயும். வில்லைப் பிடித்து அடக்கும் கருவி இல்லாமல் மெக்கானிக்கும் அதைத் தொடக்கூடாது.

முறிந்த பட்டையை வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள். வில்லுக்கான இரும்பைக் காய்ச்சி, குளிர வைத்து, பதம் ஏற்றித்தான் செய்கிறார்கள். வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய்விடும். ஒட்டிய இடம் நிற்கலாம். அதன் பக்கத்தில் மீண்டும் முறியும். அடுத்த முறை அது நடப்பது வீட்டு வாசலில் இருக்காது.

பட்டைகளின்மேல் கழிவு எண்ணெய் அடிக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கிறீச் சத்தம் நிற்கும் என்பது உண்மை. ஆனால் அந்த எண்ணெய் ரப்பர் புஷ்ஷில் பட்டால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். பிரேக்கில் தெறித்தால் பிரேக்கே பிடிக்காது. சத்தத்துக்குப் பயந்து ஆபத்தை வாங்கலாமா?

"ஒரு பட்டை அதிகமாகப் போடுங்கள், கூடுதலாகச் சுமை ஏற்றலாம்" என்று சொல்வோரும் உண்டு. பட்டை சுமையைத் தாங்கும் என்றே வைத்துக்கொள்வோம். டயர் தாங்குமா? பிரேக் தாங்குமா? பட்டையை மாட்டியிருக்கும் தகடு தாங்குமா? ஒன்றை மட்டும் பலப்படுத்தினால், அடுத்த பலவீனமான இடம் முறியும். வெறும் வண்டியாக ஓடும்போதோ பின்பக்கம் கட்டை வண்டியாகக் குதிக்கும்.

வேகத் தடையில் பிரேக் வேண்டாம்

வேகத் தடை கண்ணில் பட்டதும் பிரேக் போட வேண்டும். ஆனால் அதன்மேல் ஏறும்போது பிரேக்கை விட்டுவிட வேண்டும்.

ஏன்? பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்னால் சரிகிறது. முன்பக்க வில் ஏற்கெனவே அமுங்கிவிடுகிறது. அந்த நிலையில் தடையில் ஏறினால், வில் மேலும் அமுங்க இடம் இல்லை. இரும்பு இரும்போடு இடிக்காமல் இருக்க வைத்துள்ள ரப்பர் கட்டையில் போய் மோதும். ஆம்னியில் டிரைவர் உட்காருவதே முன்சக்கரத்துக்கு மேலே. அந்த இடி முதலில் அவர் முதுகில்தான் விழும்.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவின்படி, வேகத் தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உள்ள மெல்லிய மேடாக இருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கலாம். நம் தெருக்களில் உள்ள தடைகள் பல இந்த அளவில் இல்லை. சுவர் எழுப்பியது போல இருக்கின்றன. ஆகவே 25 கிலோமீட்டரை நம்பாதீர்கள். நடக்கும் வேகத்தில் ஏறுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் கவனம் வேண்டும். பள்ளத்தில் தண்ணீர் நின்றால் அதன் ஆழம் தெரியாது. சுற்றிப் போக முடியாவிட்டால் மெதுவாக இறங்கி ஏறுங்கள். பலமாக இடித்துவிட்டால், அன்றே அலைன்மெண்டைச் சோதித்துவிடுங்கள்.

மலைக்குப் போவதானால் முன்கூட்டியே வண்டியைப் பாருங்கள். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வேன் உயரமான வண்டி, அகலம் குறைவு. ஒவ்வொரு வளைவிலும் பாரம் வெளிப்பக்கம் சாயும். அந்தப் பக்கத்து வில்லும் ஷாக் அப்சார்பரும் சோர்ந்திருந்தால் வண்டி இன்னும் அதிகமாகச் சாயும். கூரைமேல் மூட்டை கட்டினால் சாய்வு மேலும் கூடும்.

ஒர்க்‌ஷாப்பில் சொல்ல வேண்டியவை

ஷாக் அப்சார்பரை ஒன்றாக மாற்றாதீர்கள். முன்பக்கம் என்றால் இரண்டு. பின்பக்கம் என்றால் இரண்டு. ஒன்று புதியதும் மற்றது பழையதுமாக இருந்தால், ஒரு கால் நீளமும் ஒரு கால் குட்டையுமாக நடப்பது போல ஆகிவிடும்.

ஷாக் அப்சார்பருக்கு இத்தனை ஆண்டு ஆயுள் என்று ஒரே கணக்கு கிடையாது. நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு நீண்ட நாள் வரும். செம்மண் சாலையில் சுமையோடு ஓடும் வண்டிக்கு விரைவில் போகும். ஆகவே ஒவ்வொரு சர்வீசிலும் "சஸ்பென்ஷனைப் பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் எண்ணெய் மாற்றி அனுப்பிவிடக்கூடும்.

முன்பக்க வேலை ஏதாவது நடந்தால், கடைசியில் அலைன்மெண்டு செய்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் புது டயர் சில மாதங்களில் தேயும். மிச்சம் பிடித்த பணம் டயர் கடைக்குப் போகும்.

பட்டை மாற்றினால், கொஞ்ச தூரம் ஓடிய பிறகு யூ போல்ட்டை மறுபடியும் முடுக்கச் சொல்லுங்கள். புதுப் பட்டைகள் ஒன்றோடு ஒன்று படிந்ததும் பிடி கொஞ்சம் தளர்வது வழக்கம்.

போலிச் சாமானை வாங்காதீர்கள். நல்ல சாமான் நம் பக்கத்திலேயே தயாராகிறது. 1961-ல் தொடங்கிய கேப்ரியல் இந்தியா கம்பெனிக்கு ஓசூரில் தொழிற்சாலை இருக்கிறது. ஷாக் அப்சார்பர் அதன் முக்கியத் தொழில். சென்னையின் ரானே (மெட்ராஸ்) கம்பெனி ஸ்டீரிங், சஸ்பென்ஷன் மூட்டுகளைச் செய்கிறது. எந்தக் கம்பெனியின் சாமானாக இருந்தாலும் பில் கேட்டு வாங்குங்கள்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உப்புக் காற்று இரும்புக்கு எமன். வண்டியைக் கழுவும்போது மேல்பக்கத்தோடு நிறுத்தாமல் அடிப்பக்கத்தையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். சேறு ஒட்டிக் கிடந்தால் ஈரம் காயாது, துரு வளரும்.

பெற்றோர்களுக்கு

வேன் வைத்திருப்பவர்கள் மட்டும் இதைத் தெரிந்துகொண்டால் போதாது. பிள்ளையை வேனில் அனுப்பும் தாய் தந்தையரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

காலையில் வேன் வந்து நிற்கும்போது அரை நிமிஷம் பாருங்கள். ஒருபக்கம் சாய்ந்து நிற்கிறதா? பின்பக்கம் தரையைத் தொடுவது போலத் தாழ்ந்திருக்கிறதா? டயர் வழுக்கையாக இருக்கிறதா? 8 பேர் உட்காரும் வண்டியில் எத்தனை தலைகள் தெரிகின்றன?

சந்தேகம் இருந்தால் டிரைவரிடம் மரியாதையாகக் கேளுங்கள். பல டிரைவர்கள் சொந்த வண்டியை வைத்துப் பிழைப்பவர்கள். டீசல், பெட்ரோல், இன்சூரன்ஸ், வட்டி என்று செலவு கழுத்தை நெரிக்கும். பத்துப் பிள்ளைகளின் பெற்றோர்கள் சேர்ந்து, "கூடுதல் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம், வண்டியைப் பழுது பாருங்கள், கட்டணத்தில் கொஞ்சம் சேர்த்துத் தருகிறோம்" என்று சொன்னால் எந்த டிரைவரும் மறுக்க மாட்டார். குறைந்த கட்டணம் வேண்டும், நிறையப் பாதுகாப்பும் வேண்டும் என்றால் இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது.

வில்லுக்கு வாய் இல்லை. அது சாய்வில் சொல்லும், சத்தத்தில் சொல்லும், டயரின் தேய்மானத்தில் சொல்லும். கேட்கிற காதும் பார்க்கிற கண்ணும் நமக்கு இருந்தால் போதும்.

வாரத்துக்கு ஒருமுறை வண்டியைத் துடைக்கிறீர்கள். கண்ணாடிக்கு எலுமிச்சம்பழம் கட்டுகிறீர்கள். அப்படியே ஒருமுறை குனிந்து, அடியிலும் பார்த்துவிடுங்கள்!